ஒரே கேஸ், மூன்று வேர்

போன இதழில், "கேஸ் என்ற சொல்லை உங்கள் வீட்டில், உங்கள் வேலையில் எங்கெல்லாம் கேட்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து. சொந்த ஊர்க்காரர்கள் எழுதினால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். இடம் போதாததால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், என் மகன் ஆறாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போடும்போது "அப்பர் கேஸ் எழுத்து ஒன்று வேண்டும்" என்று வந்தது. "அம்மா, அப்பர் கேஸ்னா ஹைகோர்ட் கேஸா?" என்று கேட்டான். பெரிய எழுத்து என்று சொல்லிவிட்டேன். ஆனால் பெரிய எழுத்துக்கு ஏன் அந்தப் பெயர்?
— ஒரு வாசகி, குடியாத்தம்

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. இதற்கான பதிலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன்.

என் அப்பா வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோப்பவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், கருமாதிப் பத்திரிகை, இவைதான் அங்கே வேலை. மதியம் நான் தூக்கில் சோறு கொண்டுபோவேன். அப்பா கையைத் துடைத்துவிட்டு வரும்வரை மர ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை அடிக்கும். சாய்வான மேடையின் மேல் அகலமான மரத்தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று ஈய அச்சுகள் குவிந்திருக்கும். அந்தத் தட்டின் பெயர்தான் கேஸ்.

இங்கிலீஷ் எழுத்துக்கு இரண்டு கேஸ் இருந்தன. ஒரு வரியில் அதிகம் வருவது சின்ன எழுத்து. அதனால் அது கைக்குப் பக்கத்தில், கீழ்த்தட்டில். எப்போதாவது வரும் பெரிய எழுத்து எட்டி எடுக்கிற மாதிரி மேல்தட்டில். மேல்தட்டு எழுத்து அப்பர் கேஸ், கீழ்த்தட்டு எழுத்து லோயர் கேஸ். மரத்தட்டு போய் எவ்வளவோ காலமாயிற்று. பாஸ்வேர்டு கேட்கும் திரையில் அந்தப் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆனால் உயிர்மெய் எல்லாம் சேர்ந்து கட்டங்கள் நிறைய வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று அப்பாவின் விரலுக்குத் தெரியும். கண் மூலப்பிரதியிலேயே இருக்கும். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, தும்பிக்கை வைத்த பழைய லை, னை அச்சுகளுக்கெல்லாம் மெல்ல மெல்ல வேலை இல்லாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கட்டங்களிலிருந்து பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார் அப்பா. அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். பெட்டி என்ற பொருளில் வரும் கேஸுக்கு மூலம் 'காப்சா' என்ற லத்தீன் சொல். பிடித்துவைத்துக்கொள்வது என்ற கருத்தில் பிறந்தது. சூட்கேஸ், புக்கேஸ், ஷோகேஸ், தலையணை உறை, படிக்கட்டுக்கூண்டைச் சேர்த்துச் சொல்லும் ஸ்டேர்கேஸ், அப்பாவின் மரத்தட்டு எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். கோர்ட்டில் நடக்கும் கேஸ் வேறு வீடு. அதற்கு மூலம் 'காஸுஸ்'. விழுதல் என்று அர்த்தம். எதிர்பாராமல் நம்மேல் வந்து விழுவது, அதாவது நேர்ந்த சங்கதி, கேஸ் ஆயிற்று. "இந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது" என்று நாம் சொல்கிறோமே, அதே நினைப்புதான். ஆபீஸில் எடுக்கும் கேஷுவல் லீவும், ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குப் போகும் கேஷுவாலிட்டியும் இந்த விழுதலின் வழியாக வந்தவை. இரண்டு சொல்லும் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தபோது தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்தில் நின்றுவிட்டன.

இலக்கணத்தில் வேற்றுமையைக் கூட இங்கிலீஷில் கேஸ் என்கிறார்கள். அது எந்த வீடு?
— தமிழாசிரியர், ஆரணி

விழுகிற வீடு, ஐயா. கிரேக்க இலக்கணக்காரர்கள் பெயர்ச்சொல்லின் மாறிய வடிவங்களை 'ப்டோசிஸ்', அதாவது வீழ்ச்சி என்றார்கள். நேராக நிற்கும் பெயர் அந்த நிலையிலிருந்து சாய்ந்து வேறு வடிவம் எடுக்கிறது என்ற எண்ணம். லத்தீன்காரர்கள் அதை அப்படியே 'காஸுஸ்' என்று பெயர்த்துக்கொண்டார்கள். நம் தொல்காப்பியம் வேற்றுமையை ஏழு என்று சொல்லி, விளியையும் சேர்த்தால் எட்டு என்கிறது. பொருளை வேறுபடுத்துவதால் வேற்றுமை. எனக்கு நம் பெயர்தான் தெளிவாகப் படுகிறது. 'ஐ', 'மீ', 'மை' என்று மூன்றாகப் பிள்ளைகள் குழம்பும்போது, "நான், என்னை, என்னுடைய, அவ்வளவுதான்" என்று கரும்பலகையில் எழுதினால் அடுத்த நிமிஷமே பிடித்துக்கொள்வார்கள். முப்பது வருஷம் அப்படித்தான் நடத்தினேன்.

என் தம்பி போனில் "அக்கா, கேஸ் புக் ஆயிடுச்சு" என்றான். பதறிப்போய்விட்டேன். அவன் சொன்னது சிலிண்டரை. இதுவும் அதுவும் ஒரே சொல்லா?
— ஒரு வாசகி, ராணிப்பேட்டை

இல்லையம்மா. இது மூன்றாவது வேர். இங்கிலீஷில் முதல் எழுத்தே வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'தான் என்பதால் எழுத்தில் கலந்துவிட்டன. இதைத் தவிர்க்கத்தான் சிலர் 'கியாஸ்' என்றும் 'காஸ்' என்றும் எழுதுகிறார்கள்.

இந்தச் சொல்லை உண்டாக்கியவர் யார் என்றே தெரியும்; அப்படிப்பட்ட சொற்கள் குறைவு. பிரஸல்ஸ்காரரான வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் 62 பவுண்டு கரியை எரித்துப் பார்த்தார். 1 பவுண்டு சாம்பல் மிஞ்சியது. மீதி 61 பவுண்டு எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரியாமல், பாத்திரத்தில் அடைக்க முடியாமல் போன அந்த வஸ்துவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆதியில் உருவமில்லாமல் கிடந்த வெளியைக் குறிக்கும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத் தன் ஊர் உச்சரிப்பில் எடுத்துக்கொண்டார். அவர் 1644-ல் இறந்தார். 1648-ல் அவர் மகன் அச்சிட்ட நூல் மூலம் அந்தப் பெயர் பரவியது. அடைக்க முடியாது என்று அவர் நினைத்ததை இன்று 14.2 கிலோவாக அடைத்து நம் வாசலில் இறக்குகிறார்கள்.

போர் போட வந்தவர் 700 அடி போட்டார். ஆனால் கேசிங் பைப் 60 அடிதான் இறக்கினார். மீதிக்கு ஏன் இறக்கவில்லை? ஏமாற்றிவிட்டாரா?
— விவசாயி, அணைக்கட்டு

ஏமாற்றவில்லை ஐயா. கேசிங் என்பது பெட்டி வீட்டைச் சேர்ந்த சொல், உறை போடுவது. நம் பக்கத்தில் மேலே மண்ணும் மக்கிய பாறையும், கீழே கெட்டிப் பாறை. மேலே இருக்கும் மண் சரிந்து துளையை மூடிவிடாமல் இருக்கத்தான் உறை. கெட்டிப் பாறை தட்டிய பிறகு துளை தானாக நிற்கும். அங்கேயும் வெறும் பைப்பை இறக்கினால் பாறை வெடிப்பிலிருந்து வரும் தண்ணீரையே மறித்துவிடும். பைப்பின் அடி பாறையில் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, தலை தரைக்கு மேல் ஓரடியாவது நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் சேற்றோடு உள்ளே இறங்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வராத போர்களில் கேசிங் பைப்பைப் பிடுங்கி விற்றுவிடுகிறார்கள். பைப் போனதும் துளையின் வாய் அகன்றுவிடுகிறது. அதில்தான் குழந்தைகள் விழுகிறார்கள். ஒவ்வொரு முறை அந்தச் செய்தி வரும்போதும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. உங்கள் நிலத்தில் வற்றிய போர் இருந்தால் பைப்பை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே மண் கொட்டி மூடுங்கள்.

எங்கள் மேஸ்திரி, "எடுத்த எடுப்பிலேயே சாறு கெட்டியாப் போட்டா தோல் கேஸ் ஆர்டன் ஆயிடும்" என்பார். அர்த்தம் புரிந்துதான் சொல்கிறாரா?
— தோல் பதனிடும் தொழிலாளி, வாணியம்பாடி

முழுக்கப் புரிந்து சொல்கிறார், தம்பி. 'கேஸ் ஹார்டனிங்' என்பது சரியான தொழில் சொல். கேஸ் இங்கே மேலுறை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் பழைய முறையை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டைச்சாற்றை முதலில் நீர்க்க வைத்து, நாள் போகப்போக அடர்த்தியைக் கூட்டுவார்கள். முதல் நாளே கெட்டிச் சாற்றில் போட்டால் தோலின் மேல்பக்கம் சாற்றை வேகமாகப் பிடித்து இறுகி, உள்ளே போகிற வழியை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் பதனிட்ட தோல். நறுக்கிப் பார்த்தால் நடுவில் பதம் ஏறாத பச்சைத் தோலாக ஒரு கோடு.

இதே சொல் இரும்புப் பட்டறையில் குறையைச் சொல்லாது. கியர் பற்சக்கரத்துக்கு வேண்டுமென்றே மேல்பரப்பில் கரிமத்தை ஏற்றி இறுக வைப்பார்கள். வெளியே தேயாத கடினம், உள்ளே அடி தாங்கும் உறுதி. தோலுக்குக் கெடுதலானது எஃகுக்கு நல்லதாகிவிடுகிறது. மேஸ்திரியிடம் இதைச் சொல்லுங்கள். அவரிடம் இன்னும் என்னென்ன சொல் இருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.

நான் நர்ஸிங் இரண்டாம் ஆண்டு. வார்டில் எல்லோரும் "டெலிவரி கேஸ்", "பாம்புக்கடி கேஸ்" என்கிறோம். இது தப்பான இங்கிலீஷா டீச்சர்?
— மாணவி, வேலூர்

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா.

பல வருஷத்துக்கு முன்னால் என் அம்மா வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நல்ல வைத்தியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் வருகிறவர்கள், "அந்த ஹிப் கேஸை எக்ஸ்ரேக்கு அனுப்பியாச்சா?" என்று கட்டிலைக் காட்டிக் கேட்பார்கள். மதியம் வேறு ஒருவர், "ஒன்பதாம் நம்பர் கேஸ் சாப்பிட்டுதா?" அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் வாழ்க்கையில் கேட்ட ஒரே கேஸ் போலீஸ் ஸ்டேஷன் கேஸ். எங்கள் தெருவில் ஒரு வரப்புச் சண்டைக்காரர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் அலைந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாள் ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எம்மேல எதுக்குடி கேஸு? நான் யாருக்கு என்ன பண்ணேன்?"

நான் விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் ஒருத்தி, பக்கத்தில் நின்று இதைக் கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண் மட்டும், "அம்மா, எக்ஸ்ரேக்குப் போலாமா?" என்று அம்மாவிடமே கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசுவாள்.

உன் கேள்விக்கு நேராகப் பதில்: சொல் தப்பில்லை, அது உட்காரும் இடம்தான் தப்பு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடே இதைப் பிரித்துச் சொல்கிறது. கேஸ் என்பது ஒரு நோய் ஒருமுறை நேர்ந்த நிகழ்வு. அதை ஆராயலாம், பதிவு செய்யலாம், அறிக்கை எழுதலாம். வைத்தியம் பார்ப்பது நோயாளி என்ற மனிதருக்கு. ஆகவே "இந்த மாதம் நான்கு பாம்புக்கடி கேஸ் வந்தன" என்று ரிஜிஸ்தரில் எழுது, சரியான இங்கிலீஷ். கேஸ் ஷீட் என்பதும் சரி. "கேஸ் சாப்பிட்டுதா?" என்பது எந்த மொழியிலும் சரியில்லை. அதுவும் வேலூரில், தமிழே தெரியாமல் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து படுத்திருப்பவர்கள் எத்தனை பேர். அவர்கள் காதில் எந்தச் சொல் எப்படி விழும் என்று நமக்குத் தெரியாது. பெயர் கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். 'இஃப்' என்றாலும் 'இன் கேஸ்' என்றாலும் தமிழில் 'ஆல்' தானே வருகிறது? "மழை வந்தால்" என்று இரண்டையும் எழுதலாமா?
— வாசகர், காட்பாடி

கூடாது. பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் மார்க் விடுகிறார்கள். 'இஃப்' என்றால் மழை வந்த பிறகுதான் குடையை எடுப்பேன். 'இன் கேஸ்' என்றால் வானம் வெளுத்திருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வேன். மழை வராமலேயே போகலாம். இதற்கு நம்மிடம் கச்சிதமான ஒரு சொல் இருக்கிறது: 'எதற்கும்'. "எதற்கும் ரெண்டு குடம் பிடிச்சு வை" என்று பாலாறு வறண்ட கோடையில் நம் வீடுகளில் சொல்வார்களே, அதுதான் 'ஜஸ்ட் இன் கேஸ்'. குழாயில் நாளைக்குத் தண்ணீர் வரலாம். வராமலும் போகலாம். குடம் இன்றைக்கே நிறைந்துவிட்டது. 'எதற்கும்' என்று சொல்லிப் பாருங்கள். வாக்கியம் பொருந்தினால் 'இன் கேஸ்' போடுங்கள், பொருந்தாவிட்டால் 'இஃப்'. மற்றவை சுலபம்: 'இன் தட் கேஸ்' என்றால் அப்படியானால், 'இன் எனி கேஸ்' என்றால் எப்படியிருந்தாலும்.

தாத்தாவின் மரப்பெட்டியில் கனமான ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கேடயச் சின்னம், 1803 என்ற வருஷம். மறுபக்கம் இரண்டு எக்ஸ் எழுத்துகளும் 'கேஷ்' என்ற சொல்லும். கேஷ் என்றால் ரொக்கம்தானே, அதை ஏன் காசின் மேல் அடித்தார்கள்? கேஸுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— வாசகர், வாலாஜாபேட்டை

அதிர்ஷ்டக்காரர் நீங்கள். அது கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில், பர்மிங்காம் சோஹோ ஆலையில் அடித்து, கப்பலில் அனுப்பிய இருபது காசு. இரண்டு எக்ஸ் ரோமன் எண்ணில் இருபது. அன்றைய கணக்கில் 80 காசு சேர்ந்தால் 1 பணம், 42 பணம் சேர்ந்தால் 1 வராகன்.

அதில் இருக்கும் 'கேஷ்' ரொக்கம் இல்லை. அது நம் தமிழ்ச் சொல் 'காசு'. போர்த்துகீசியர் வாயில் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு ஏறிய சொல். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. பணம் வைக்கும் பெட்டியைப் பிரெஞ்சிலும் இத்தாலியிலும் சொன்ன சொல்லிலிருந்து வந்தது. பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆயிற்று. அதன் மூலம் அதே 'காப்சா'. ஆகவே கல்லாவில் இருக்கும் கேஷும், சூட்கேஸில் இருக்கும் கேஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உங்கள் கையில் இருக்கும் கேஷ் மட்டும் நம் வீட்டுப் பிள்ளை. இன்னொன்று கேளுங்கள்: போர்த்துகீசியர் நம் காசை 'காய்ஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்தான்.

என் அப்பா அச்சுக் கோத்த பில் புத்தகங்களின் தலையில் 'கேஷ் பில்' என்று இருக்கும். அந்தச் சொல்லை அவர் எத்தனை ஆயிரம் முறை கோத்திருப்பார். உங்கள் காசைப் பார்த்திருந்தால் உருப்பெருக்கியை வைத்து எழுத்தின் வெட்டைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

ஒரு வேண்டுகோள். பளபளப்பாக வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கருப்புப் படலம் போனால் எழுத்தும் கொஞ்சம் சேர்ந்து போகும், நாணயம் சேகரிப்பவர்களும் மதிக்க மாட்டார்கள். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, காகித உறையில் போட்டு, தாத்தாவின் பெட்டியிலேயே வையுங்கள்.